புல்லியை இட்லிக் கொப்பரையில் வைத்த கதை



என் தம்பி மகன் குடும்பக் குழுவில் ஒரு போட்டோ போட்டாலும் போட்டான், பதினைந்து நாளாக எனக்குப் போன் மேல் போன். இட்லிக் கொப்பரைக்குள் இட்லிக்குப் பதிலாக ஒரு இரும்புச் சக்கரம் உட்கார்ந்திருக்கும் போட்டோ அது. "டீச்சர், கார் ஒர்க் ஷாப் வச்சிட்டீங்களா?" என்று சென்னையிலிருந்து ஒரு மாணவி. "அத்தை, இட்லி மெத்துனு வந்துச்சா?" என்று சிவகாசியிலிருந்து ஒரு மருமகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு டீசல் கார் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பதினோரு வருடத்துப் பழைய வண்டி. ஓட்டுவது தம்பி மகன். ஊர் சுற்ற அதை எடுப்பதில்லை. என் வீட்டுக்காரருக்கு நான்கு வருடமாக நடுக்கு வாதம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்கு டாக்டரிடம் போக வேண்டும். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகப் போய் வருவதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் முடியாது. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அந்தக் கார் வீட்டில் நிற்கிறது.

போன தடவை மதுரை போய்விட்டுத் திரும்பும்போது இன்ஜின் பக்கமிருந்து ஒரு சத்தம். காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி "கர்ர்ர்" என்று. ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடுகிறது, விட்டால் குறைகிறது. மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினோம். "டென்ஷனர் போயிருச்சு, அசெம்ப்ளியா மாத்தணும், கூலியோட 6,400 ரூபாய் ஆகும்" என்றார்கள். பேரிங் மட்டும் மாற்ற முடியாதா என்று தம்பி மகன் கேட்டான். பேரிங் தனியாக வராது என்றார்கள். பின் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் மெதுவாக, "வண்டியை வீட்டுக்கு விடுப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இந்த டென்ஷனர் என்றால் என்ன? இன்ஜினின் ஒரு பக்கத்தில் ரப்பர் பெல்ட் ஒன்று ஓடும். இன்ஜின் சுற்றுகிற சுற்றை வாங்கி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்ப், ஏசி கம்ப்ரசர் எல்லாவற்றையும் அந்த ஒரே பெல்ட் ஓட்டுகிறது. பெல்ட் தொய்ந்தால் வழுக்கும். தொய்யாமல் பார்த்துக்கொள்ள, ஸ்பிரிங் வைத்த ஒரு கையின் நுனியில் ஒரு சின்னப் புல்லி பெல்ட்டை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அதுதான் டென்ஷனர் புல்லி. எந்த இயந்திரத்தையும் அது ஓட்டுவதில்லை. அழுத்திக்கொண்டு சுற்றுவது மட்டுமே அதன் வேலை. ஆனால் அது இறுகிப் போனால் பெல்ட் அறுந்துவிடும். அறுந்தால் சார்ஜ் ஏறாது. எங்கள் வண்டியில் தண்ணீர்ப் பம்பும் நின்றுவிடும், இன்ஜின் கொதித்துவிடும். டி.கல்லுப்பட்டிக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் நடுவில், இருட்டில், மாத்திரை நேரம் தப்பிய ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். சத்தத்தோடு ஓடட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

புதியவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவர். ராஜபாளையம் மில்ஸ் 1936-இல் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு நூல்தான் சோறு போட்டது. எங்கள் வீட்டில் பாதிச் சோறு நூல் போட்டது, மீதி சாக்பீஸ் போட்டது. ரிங் ஃபிரேமில் ஒரு டேப் நான்கு ஸ்பிண்டில்களைச் சேர்த்துச் சுற்றும். அந்த டேப் தொய்யாமல் இருக்க ஒரு ஜாக்கி புல்லி உண்டு. டேப் தொய்ந்தால் ஸ்பிண்டிலின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நூலில் முறுக்கு குறையும். முறுக்கு குறைந்த நூல் பலம் இல்லாமல் அறுந்துகொண்டே இருக்கும். "கார்ல இருக்கிறதும் ஜாக்கி புல்லிதான், பேரை மாத்தி வச்சிருக்கான்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய இரண்டாவது வாக்கியம் அது.

பேரிங்குக்கும் மில்லுக்கும் உள்ள உறவு ராஜபாளையத்தோடு முடிவதில்லை. ஸ்வீடன் நாட்டில் கோதன்பர்க் என்ற ஊரில் ஒரு நெசவு ஆலையில் ஸ்வென் விங்குவிஸ்ட் என்பவர் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தார். களிமண் பூமி. கட்டடம் அமுங்க அமுங்க நீளமான ஷாஃப்ட்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகும், பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும். மாற்றி மாற்றிச் சலித்துப்போய், ஷாஃப்ட் கொஞ்சம் கோணினாலும் தானாகச் சரிசெய்துகொள்ளும் பேரிங் ஒன்றை 1907-இல் அவர் உருவாக்கினார். அதே ஆண்டு பிறந்ததுதான் எஸ்.கே.எஃப். கம்பெனி. எங்கள் புல்லியில் இருப்பது வேறு வகைப் பேரிங், ஆனாலும் அதே குடும்பம். இதை நான் வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். "அவனும் மெயின்டனன்ஸ்காரன்தானா?" என்றார்.

இனி வேலைக்கு வருவோம். செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

முதலில் சத்தம் பெல்ட்டிலா, பேரிங்கிலா என்று தெரிய வேண்டும். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளமான பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் மாறினால் பெல்ட், மாறாவிட்டால் பேரிங் என்று சந்தேகப்படலாம். தம்பி மகன்தான் தெளித்தான். சேலை முந்தானை, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் ஓடும் பெல்ட் பக்கம் போகவே கூடாது என்று என்னைத் திண்ணையை விட்டு இறங்க விடவில்லை. சத்தம் மாறவில்லை. பிறகு ஒரு நீளத் திருப்புளியின் நுனியைப் புல்லியின் நடு போல்ட்டில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரிதான். ஆல்டர்னேட்டரில் வைத்தால் "ம்ம்ம்" என்று ஒரே சீராக இருந்ததாம். டென்ஷனரில் வைத்தால் கூழாங்கல் அரைபடுகிற சத்தம் கேட்டதாம்.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினான். பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே போகிறது, எதற்குக் கீழே போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டான். இந்தப் படம் இல்லாமல் பெல்ட்டைக் கழற்றினால் திரும்ப மாட்டுவது விடுகதை ஆகிவிடும். ஸ்பேனர் போட்டு டென்ஷனர் கையைத் திருப்பி, பெல்ட்டை நழுவவிட்டான். அந்த ஸ்பிரிங்குக்கு நல்ல பலம் உண்டு, இடையில் விரலைக் கொடுக்கக் கூடாது. பிறகு புல்லியின் போல்ட். சில வண்டிகளில் இது இடது மரை, மற்ற போல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் போல்ட் முறிந்துவிடும்.

புல்லி கைக்கு வந்தது. என் வீட்டுக்காரர் அதை வாங்கவில்லை. "நீ சுத்து" என்றார். சுற்றினேன். கடகடவென்று வெகுநேரம் சுற்றியது. "நல்லா சுத்துதே?" என்றேன். "கிரீஸ் இருந்தா அப்படிச் சுத்தாது டீச்சரம்மா. காஞ்சு போயிருச்சு" என்றார். நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுற்றி, கிரீஸ் பிடிப்பதால் சீக்கிரம் நிற்கும். காய்ந்தது சத்தத்தோடு கட்டற்றுச் சுற்றும். வெளி வளையத்தைப் பிடித்து அசைத்தால் ஆட்டமும் தெரிந்தது. புல்லியின் மேற்பரப்பில் பள்ளம் விழவில்லை. டென்ஷனர் கையில் தள்ளாட்டம் இல்லை, ஸ்பிரிங் நன்றாக இருந்தது. ஆக, 6,400 ரூபாய் அசெம்ப்ளியில் தேய்ந்தது உள்ளே இருந்த ஒரு பேரிங் மட்டும்.

எல்லாப் புல்லியிலும் பேரிங்கைக் கழற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கைப் பேரிங்கைச் சுற்றியே வார்த்திருந்தால், அல்லது இரண்டு தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடித்திருந்தால், அதை அப்படியே மாற்றுவதுதான் சரி. எங்களுடையது கனமான இரும்புப் புல்லி. பேரிங்கை அழுத்தி இறக்கி, சர்க்கிளிப் போட்டிருந்தார்கள். அதனால் முடிந்தது.

பேரிங்கின் விளிம்பைத் துடைத்தால் 6203 என்று எண் இருந்தது. கணக்கு டீச்சருக்கு இது போதாதா! கடைசி இரண்டு இலக்கம் உள்துளையின் அளவைச் சொல்லும். 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. அதற்குப் பிறகு 04-இலிருந்து ஐந்தால் பெருக்கினால் போதும், 04 என்றால் 20, 05 என்றால் 25. முன்னால் உள்ள 62 அதன் வகையையும் பருமனையும் சொல்கிறது. ஆக 6203 என்றால் உள்துளை 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். ஸ்வீடனில் வாங்கினாலும் ராஜபாளையத்தில் வாங்கினாலும் இதே அளவுதான். பேரிங் தனியாக வராது என்று சொன்ன பொருள், உலகம் முழுக்க ஒரே எண்ணில் கிடைக்கிற பொருள்.

நானே ராஜபாளையம் போனேன். பேரிங் கடையில் இருந்த பையன் நம்ம பள்ளிக்கூடத்துப் பையன். அவன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். "டீச்சர், பம்புக்கா, காருக்கா?" என்றான். காருக்கு என்றதும், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2 ஆர்.எஸ். வகையில், சி3 என்று போட்டதை எடுத்துக் கொடுத்தான். ரப்பர் மூடி ரோட்டுத் தூசியைத் தடுக்கும். சி3 என்றால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல், இன்ஜின் சூட்டில் விரிந்தாலும் இறுகாது. வேகத்தையும் யோசிக்க வேண்டும். இன்ஜின் புல்லியின் விட்டம் 150 மில்லிமீட்டர், இந்தச் சின்னப் புல்லி 70 என்று வையுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றினால் இது சுமார் 4,300 சுற்ற வேண்டும். நாற்பது ரூபாய் போலிப் பேரிங் இதைத் தாங்காது. நல்ல கம்பெனிப் பெட்டியில், பில்லோடு வாங்குங்கள். விலை 210 ரூபாய். உபதேசம் இலவசம். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாட்டுக்குப் பயந்து அழுதவன் பேரிங் எண்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறான்.

இனிதான் கை வேலை. நடுக்கு வாதத்தில் கை சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் அதிகம். வேலையில் இறங்கினால் சற்றுக் குறையும், ஆனால் விரல்கள் மெதுவாகிவிடும், திருகாணியைப் பிடித்து நிறுத்த முடியாது. காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அவருக்கு நல்ல நேரம். அந்த நேரத்துக்குத் தொழுவத்தில் வைஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருடைய டூல் பெட்டியைத் திறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. பொங்கலுக்கு முன்னால்கூட, "அதைப் பழைய இரும்புக்குப் போட்டுரு" என்று தம்பி மகனிடம் சொன்னவர்தான். நான்தான் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

சர்க்கிளிப்பைக் கழற்றினோம். வைஸின் ஒரு தாடையில் பேரிங் முழுதாக நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட், மறு தாடையில் பேரிங்கின் வெளி வளையத்தைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட், நடுவில் புல்லி. தம்பி மகன் வைஸை முறுக்கினான், நான் சாக்கெட்டுகள் சாயாமல் பிடித்துக்கொண்டேன். "டப்" என்று ஒரு சத்தம். பழைய பேரிங் நகர்ந்து வெளியே வந்தது.

புதியதை இறக்க அவர் சொன்ன வழிதான் உங்களைச் சிரிக்க வைத்த வழி. புல்லியைச் சூடாக்கு, பேரிங்கைக் குளிர வை. பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் வைத்தேன். புல்லியை நன்றாகக் கழுவி இட்லிக் கொப்பரையில் இருபது நிமிடம். (அந்தக் கொப்பரை பழையது, இனி சமையலுக்கு இல்லை. மருமகள்கள் நிம்மதியாகச் சாப்பிட வரலாம்.) நாற்பது மில்லிமீட்டர் துளையுள்ள இரும்பு, வெயில் நேரச் சூட்டிலிருந்து கொதிநிலை வரை சூடேறினால் எவ்வளவு விரியும்? கணக்குப் போட்டேன். ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பேரிங்குக்கு அது பெரிய வாசல். நீங்கள் ஆறாம் வகுப்பில் வளையமும் குண்டும் வைத்துச் செய்த சோதனை இதுதான். நம் ஊரில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவார்களே, இரும்புப் பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்களே, அதுவும் இதுதான்.

துணி வைத்துப் புல்லியை எடுத்தேன். பேரிங்கை வைத்தவுடன் முக்கால்வாசி தானாக இறங்கியது. மீதியை வைஸில் அழுத்த வேண்டும். "அவுட்டர்ல மட்டும் அழுத்து. இன்னர்ல அழுத்தினா உள்ள இருக்கிற குண்டு பள்ளம் போட்டுரும், புதுசிலேயே செத்துரும்" என்றார். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளி வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமானால் வெளி வளையத்தைத்தான் தள்ள வேண்டும். நான் சாக்கெட்டைப் பொருத்தினேன். அவர் தன் கையை வைஸின் மேல் வைத்தார். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தம்பி மகன் முறுக்க, "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்" என்றார். அடியில் தட்டியதை அவர் கை அறிந்துவிட்டது. எனக்கும் தம்பி மகனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. சர்க்கிளிப்பை வைத்துப் பார்த்தோம். பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது.

மாட்டும்போது போல்ட்டை வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கினான். ரெஞ்ச் நண்பனிடம் இரவல். படத்தைப் பார்த்துப் பெல்ட்டை மாட்டி, எல்லாப் பள்ளத்திலும் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தான். சத்தம் இல்லை. இதுவரை 1,800 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, நடுவில் மதுரைக்கும் ஒரு தடவை போய் வந்துவிட்டோம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை திருப்புளி வைத்துக் கேட்கிறான்.

செலவுக் கணக்கு: பேரிங் 210. டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் பஸ் செலவு பூஜ்யம். கடைப் பையனுக்கு வாங்கிப் போன பால்கோவா 120. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிப் போகிறவள் வெறுங்கையோடு போக முடியுமா? மொத்தம் 330 ரூபாய்.

உடனே எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்ற ஆரம்பித்துவிடாதீர்கள். தம்பி மகன் உற்சாகத்தில், "மாமா, டைமிங் பெல்ட் டென்ஷனரையும் இப்படியே பண்ணிரலாமா?" என்று கேட்டான். அவர் முகம் மாறிவிட்டது. "அது வேற. அதுல விளையாடக் கூடாது" என்றார். இன்ஜினுக்கு உள்ளே வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஓட வைப்பது டைமிங் பெல்ட். அது தப்பினால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி இன்ஜினே போய்விடும். அங்கே முழு செட்டையும் புதிதாக, தெரிந்த மெக்கானிக் கையால் போடுவதுதான் சிக்கனம். அதே போல, ரப்பர் மூடியைப் பிளேடால் நெம்பி கிரீஸ் திணித்தால் சத்தம் அடங்கும் என்பார்கள். வீடு போய்ச் சேர அது உதவலாம். தேய்ந்த குண்டுக்குக் கிரீஸ் மருந்து ஆகாது.

நம் அரசாங்கமே பழுதுபார்க்கும் உரிமை பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை இதற்குக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான்களோடு வாகனங்களும் அதில் உண்டு. நல்ல காரியம். உரிமை கையில் வரும்போது, பேரிங்கில் எண் எங்கே இருக்கும் என்று தெரிந்த ஆளும் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த ஆள் பல வீடுகளில் இருக்கிறார் பிள்ளைகளே. மில்லிலும், மோட்டார் காயில் கட்டும் கடையிலும், பஸ் டிப்போவிலும் முப்பது வருடம் உழைத்துவிட்டு, இப்போது திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கண் மங்கியிருக்கும், கை நடுங்கும். வீட்டில் எது பழுதானாலும் நாம் அவரைத் தாண்டிக்கொண்டு கடைக்குப் போகிறோம். அடுத்த தடவை தாண்டுவதற்கு முன்னால் அந்தப் பொருளை அவர் பக்கத்தில் வைத்து, "இது என்ன சத்தம்னு பாருங்கப்பா" என்று கேளுங்கள். கையை நீங்கள் கொடுங்கள்.

டூல் பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை, தொழுவத்தில் இருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் வந்திருக்கிறது. புஷ் தேய்மானம் என்று, சுற்றுவதைக் கேட்டே சொல்லிவிட்டார். நாளைக் காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து எனக்கு வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் போன் பண்ணாதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கான்சாபுரம்.